உங்களுக்குத் தெரியுமா? டீன் ஏஜ் அலமாரியிலிருந்து சில செய்திகள்

'டி' கிரேடு வாங்கிய எழுத்தாளர்

படைப்பெழுத்துப் பாடத்தில் 'டி' கிரேடு வாங்கிய ஒரு பள்ளி மாணவி, அதே ஆண்டில் எழுதிக்கொண்டிருந்த நாவல் பின்னால் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர் எஸ். இ. ஹின்டன். பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஒரு கோஷ்டி. தலையில் எண்ணெய் மின்ன வாரிக்கொண்டு திரியும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு கோஷ்டி. வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த நண்பன் ஒருவனை எதிர்க் கோஷ்டி அடித்துப் போட்டது. அந்த ஆத்திரத்தோடு எழுத உட்கார்ந்தபோது ஹின்டனுக்கு வயது 15. 'தி அவுட்சைடர்ஸ்' அச்சாகி வந்தது 1967-இல், 18 வயதில்.

அந்தக் காலத்தில் இந்த வயதினருக்கென்று வந்த கதைகளில் பள்ளி நடன விருந்துக்கு யாரோடு போவது என்பதுதான் பெரிய பிரச்சினை. ஹின்டனுக்கு அதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. அவர் கதையில் கத்தி வந்தது, சாவு வந்தது, அப்பா அம்மாவை இழந்து தாங்களே குடித்தனம் நடத்தும் மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள். பதிப்பகத்தாருக்கு வேறொரு கவலை. எழுதியது ஒரு பெண் என்று தெரிந்தால் மதிப்புரை எழுதும் ஆண்கள் புத்தகத்தைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்களோ? சூசன் எலோயிஸ் என்ற பெயர் அட்டையில் வெறும் எஸ். இ. ஆனது இப்படித்தான். பலர் அவரை ஓர் ஆண் என்றே நினைத்துப் படித்தார்கள்.

தினம் இரண்டு பக்கம்

முதல் புத்தகம் அப்படி ஓடியதே ஹின்டனுக்கு வினையானது. மூன்று ஆண்டுகள் எழுத்தே வரவில்லை. அப்போது காதலராக இருந்து பிறகு கணவரானவர் ஒரு நிபந்தனை போட்டார். அன்றைக்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தால்தான் சாயங்காலம் இருவரும் வெளியே போவது. இரண்டிரண்டு பக்கமாகச் சேர்ந்து 1971-இல் வந்ததுதான் 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்'. ஒவ்வொரு எழுத்தாளர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்துவிட்டால் தீபாவளி மலர் ஆசிரியர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கப்போலாவுக்குப் போன கடிதம்

'காட்ஃபாதர்' எடுத்த ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைப் படமாக எடுத்தார். அவரை எடுக்க வைத்தவர் ஒரு பள்ளி நூலகர். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் லோன் ஸ்டார் என்ற பள்ளி. அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஜோ எலன் மிசாகியன் ஒன்றைக் கவனித்தார். புத்தகம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காத பையன்கள்கூட இந்த நாவலை மட்டும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். இதைப் படமாக எடுத்தால் என்ன என்று பேச்சு வந்தது. யாரைக் கேட்பது? ஒரு பையனுக்கும் குதிரைக்கும் உள்ள பாசத்தைச் சொன்ன 'தி பிளாக் ஸ்டாலியன்' படம் 1979-இல்தான் வந்திருந்தது. அதன் தயாரிப்பில் கப்போலாவின் பெயர் இருந்தது. இந்த மனிதருக்கு நம் வயதுக் கதை புரியும் என்று பிள்ளைகள் முடிவு கட்டினார்கள்.

1980-இல் கடிதம் போனது. மாணவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். உறைக்குள் நாவலின் பிரதி ஒன்றையும் வைத்தார்கள். வாசகர் கடிதம் என்றால் அதற்கு என்ன கதி என்று பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு வேறு கதி வாய்த்தது. படம் 1983-இல் வெளிவந்தது. மாட் டில்லன், பேட்ரிக் ஸ்வேஸி, ராப் லோ, டாம் குரூஸ் என்று பின்னாளில் பெரிய பெயர் எடுத்த ஒரு பட்டாளமே அதில் இளைஞர்களாக நடித்திருக்கிறது. ஹின்டனும் நர்ஸ் வேடத்தில் தலைகாட்டிவிட்டுப் போவார். படத்தை அந்த நூலகருக்கும் அந்தப் பள்ளி மாணவர்களுக்கும் காணிக்கையாக்கியிருந்தார் கப்போலா.

ஆண்டுக்கு இரண்டு டாலர்

இதற்கு ஏறக்குறைய 130 ஆண்டுகள் முன்பே இன்னொரு டீன் ஏஜ் கடிதம் ஒரு நூலகத்தின் கதவைத் திறந்திருக்கிறது. பென்சில்வேனியாவின் அலிகெனியில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் வேலைக்குப் போகும் பையன்களுக்காகத் தம் வீட்டுப் புத்தகங்களைச் சனிக்கிழமைகளில் இரவல் கொடுத்துவந்தார். நூலகம் வளர்ந்து இடம் மாறியதும் ஒரு புதிய விதி முளைத்தது. ஒப்பந்தம் எழுதித் தொழில் பழகும் பையன்களுக்கு மட்டும் இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டும்.

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு இது பொறுக்கவில்லை. தானும் உழைக்கிறவன்தானே, தொழில் பழகும் ஒப்பந்தம் இல்லை என்பதற்காக ஏன் பணம் கட்ட வேண்டும் என்று 1853-இல் 'பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச்' நாளிதழுக்கு எழுதினான். பெயரைப் போடவில்லை, உழைக்கும் பையன் என்று மட்டும் குறிப்பிட்டான். நூலகத் தரப்பு பதில் எழுதியது, இவன் திரும்பவும் எழுதினான். கடைசியில் விதி மாறியது. அந்த 17 வயதுப் பையன் ஆண்ட்ரூ கார்னகி. எஃகுத் தொழிலில் கோடீசுவரரான பிறகு அவர் பணத்தில் எழுந்த நூலகக் கட்டடங்கள் உலகெங்கும் 2,509. பணம் சேர்த்த வகையில் அவர்மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு. அந்த 2 டாலரை மட்டும் கடைசிவரை அவர் மறக்கவில்லை.

சனிக்கிழமைப் பையன்

கார்னகியின் பெயரில் பிரிட்டனில் 1936 முதல் ஒரு பதக்கம் வழங்குகிறார்கள். சிறுவர்களுக்கும் இளையோருக்கும் எழுதப்பட்ட நூல்களுக்கானது, தேர்ந்தெடுப்பவர்கள் நூலகர்கள். 2001-ஆம் ஆண்டுக்கான பதக்கத்தை வாங்கியவர் டெர்ரி பிராட்செட். சிறுவயதில் பீக்கன்ஸ்ஃபீல்டு பொது நூலகத்தில் சனிக்கிழமைகளில் கூடமாட வேலை செய்தவர். தன் படிப்பெல்லாம் அங்கேதான் என்று சொல்லிக்கொண்டவர். அவருடைய 'டிஸ்க்வேர்ல்டு' கதைகளில் வரும் நூலகர் ஒரு மந்திர விபத்தில் ஒராங்குட்டானாக மாறிப்போவார். திரும்ப மனிதனாக்குகிறோம் என்றால் மறுத்துவிடுவார். அலமாரி ஏறுவதற்கு இந்த உடம்புதான் வசதியாம்!

ஒருவர் நினைத்தது, இன்னொருவர் எழுதியது

ஷிவான் டவுட் 2007-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வயது 47. அவர் விட்டுச்சென்ற 'பாக் சைல்டு' நாவலுக்கு 2009-இல் கார்னகி பதக்கம் கிடைத்தது. எழுதியவர் மறைந்த பிறகு அந்தப் பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை. அவரிடம் இன்னொரு கதைக்கான கருவும் இருந்தது. அம்மாவுக்குப் புற்றுநோய்; 13 வயது மகனின் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் இரவில் ராட்சதனாக எழுந்து வந்து கதை சொல்கிறது. பேட்ரிக் நெஸ் அதை வாங்கித் தன் போக்கில் எழுதி முடித்தார், ஜிம் கே கறுப்பு மையில் படம் வரைந்தார். 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2012-இல் எழுத்துக்கான கார்னகி, ஓவியத்துக்கான கேட் கிரீன்அவே இரண்டையும் சேர்த்து வாங்கியது. ஒரே நூல் இரண்டையும் வென்றது அதற்குமுன் நடந்ததில்லை. இழவு வீட்டுத் துக்கத்தைப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தடுமாறும் பெரியவர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்வேன்.

குதிரை வண்டியில் வந்த நூலகம்

சிறுவர் பகுதியில் உட்கார்ந்தால் நாற்காலி இடிக்கும், பெரியவர் பகுதிக்குப் போனால் முறைப்பார்கள். 13 வயதுக்காரருக்கு நூலகத்தில் உட்கார இடமில்லை என்பது பழைய பிரச்சினை. கிளீவ்லாந்து பொது நூலகம் 1925-இல் இந்த வயதினருக்கென்றே ஓர் அறை ஒதுக்கியது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

பால்டிமோரில் இந்த வேலையைக் கையில் எடுத்தவர் மார்கரெட் எட்வர்ட்ஸ். 1932-இல் இனாக் பிராட் நூலகத்தில் சேர்ந்தார். இளையோர் பிரிவுக்கு வேலைக்கு வருகிறவர்களை அவர் நேரே மேசைக்கு அனுப்பமாட்டார். கொடுத்த பட்டியலிலிருந்து புத்தகங்களைப் படித்துவிட்டு வர வேண்டும். வந்து அவரிடம் அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். படிக்காமல் கதை விட்டால் பிடிபட்டுவிடுவார்கள். பள்ளிகளுக்குப் போய் வகுப்பறையில் நின்று, கதையை உச்சக்கட்டத்துக்குச் சற்றுமுன் நிறுத்திவிட்டு, மீதி புத்தகத்தில் இருக்கிறது என்று வந்துவிடும் உத்தியும் அவருக்குக் கைவந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் செய்ததுதான் வேடிக்கை. காய்கறி வண்டிபோல ஒரு குதிரை வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு, நூலகத்துக்கு வராத பிள்ளைகள் வசிக்கும் தெருக்களுக்கே போய் நின்றார்.

அவர் பெயரிலான விருதை 1988-இல் முதன்முதலில் பெற்றவர் யார் தெரியுமா? 'டி' கிரேடு வாங்கிய அதே ஹின்டன்!

எட்வர்ட்ஸை நண்பர்கள் அலெக்ஸ் என்று கூப்பிடுவார்கள். அந்தச் செல்லப் பெயரிலும் ஒரு விருது உண்டு. பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, 12 முதல் 18 வயதுவரை உள்ளவர்களும் ரசிக்கக்கூடிய பத்துப் புத்தகங்களை ஆண்டுதோறும் பொறுக்கியெடுத்துக் கொடுப்பது.

பழுப்புக் காகிதப் பை

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த வால்டர் டீன் மையர்ஸ் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது அவற்றைப் பழுப்புக் காகிதப் பையில் மறைத்துக்கொள்வார். தெருப் பையன்கள் பார்த்தால் கேலி செய்வார்கள். திக்கித் திக்கிப் பேசும் பையனுக்கு ஏற்கெனவே வாங்கும் கேலி போதாதா? பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார்.

இளையோர் நாவலுக்கான மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருது 2000-ஆம் ஆண்டில் தொடங்கியபோது முதல் விருது மையர்ஸின் 'மான்ஸ்டர்' நாவலுக்குப் போனது. கொலை வழக்கில் மாட்டிக்கொண்ட 16 வயதுப் பையன், தன் வழக்கு விசாரணையையே ஒரு சினிமா திரைக்கதையாக எழுதிப் பார்க்கிறான். அவன் குற்றவாளியா இல்லையா என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த விருதுக்குப் பெயர் தந்த பிரின்ட்ஸ் எழுத்தாளர் அல்லர். கான்சாஸ் மாநிலத்து டொபீகாவில் பள்ளி நூலகராக இருந்தவர்.

மாடிக்குப் போக அனுமதி இல்லை

மையர்ஸின் நினைவாக 'வால்டர்' விருது என்று ஒன்றும் இருக்கிறது. 2020-இல் அதன் இளைய வாசகர் பிரிவில் வென்ற 'தி பிரிட்ஜ் ஹோம்' நாவலின் களம் சென்னை. வீட்டில் அடி தாங்காமல் ஓடிவரும் அக்கா தங்கை, இரண்டு பையன்கள், ஒரு பழைய பாலம். எழுதியவர் சென்னையில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பத்மா வெங்கட்ராமன். படிப்பால் கடலியல் விஞ்ஞானி.

அவருடைய முதல் நாவல் 2008-இல் வந்த 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்'. 1941-இல் நடக்கும் கதை. வித்யாவுக்கு 15 வயது. அப்பா சுதந்திரப் போராட்டத்தில் போலீஸ் தடியடி பட்டு மூளை பாதிக்கப்பட்டுவிட, குடும்பம் பம்பாயிலிருந்து சென்னைக்கு, தாத்தா வீட்டுக்கு வந்துசேர்கிறது. பெரிய கூட்டுக் குடும்பம். மாடியில் ஆண்கள், கீழே பெண்கள். வீட்டுக்கென்று ஒரு நூலகம் இருக்கிறது. அது இருப்பதோ மாடியில். கல்லூரிக்குப் போக ஆசைப்படும் வித்யாவுக்கு அந்தப் படிக்கட்டு எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். இந்த நாவலைப் படித்தால் நம்மில் பலருக்குப் பாட்டி முகம் நினைவுக்கு வரும்.

ஒரு புத்தகம், மூன்று அனுமதிச் சீட்டு

இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்த கதை இதுதான், கொஞ்சம் நீளம்.

1920-களில் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரப் பொது நூலகத்தில் கறுப்பினத்தவருக்குப் புத்தகம் தரமாட்டார்கள். வெள்ளைக்கார முதலாளி சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்கிப் போய்ச் சேர்ப்பிக்கலாம், அவ்வளவுதான். கண்ணாடிக் கம்பெனி ஒன்றில் எடுபிடி வேலை பார்த்துவந்த ரிச்சர்ட் ரைட் என்ற இளைஞர் 20 வயதைக்கூடத் தொடவில்லை. எச். எல். மென்கன் என்ற எழுத்தாளரைப் படித்தே தீர வேண்டும் என்று அவருக்கு வெறி. கூட வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் ஒருவரிடம் நூலக அட்டையை இரவல் வாங்கினார். அந்த வெள்ளைக்காரரே எழுதியதுபோல ஒரு சீட்டைத் தானே எழுதிக்கொண்டார். சந்தேகம் வராமலிருக்கத் தன் இனத்தையே இழிவாகக் குறிக்கும் சொல்லை அதில் வேண்டுமென்றே சேர்த்தார். புத்தகம் உனக்கா என்று நூலகர் கேட்டபோது, எனக்குப் படிக்கவே தெரியாது அம்மா என்று நின்றார். புத்தகம் கைக்கு வந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய 'பிளாக் பாய்' என்ற தன்வரலாற்றில் இந்தக் காட்சி இருக்கிறது. நூல் வெளிவந்தது 1945-இல்.

அடுத்த சீட்டு, அந்நூல் வெளிவந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி மாவட்டம். அதன் நிர்வாகக் குழுவினர் பள்ளி நூலக அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுக்கச் சொன்னார்கள். ஆபாசம், தேச விரோதம் என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் கர்ட் வானகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' இருந்தது, 'பிளாக் பாய்' இருந்தது. பரிசீலனைக்குப் பிறகு 'பிளாக் பாய்' மட்டும் பெற்றோர் அனுமதி இருந்தால் தரலாம் என்று திரும்பி வந்தது. வெள்ளைக்காரர் சீட்டு இல்லாமல் புத்தகம் வாங்க முடியாதவர் எழுதிய புத்தகத்துக்கு இப்போது அப்பா அம்மா சீட்டு!

ஸ்டீவன் பிகோ என்ற 17 வயது மாணவரும் இன்னும் நாலு மாணவர்களும் நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1982-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் முடிவு வந்தது. ஒரு நூலிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளி நூலகத்திலிருந்து அதை அகற்றக் கூடாது என்பது அதன் சாரம். நீதிபதிகள் ஆளுக்கொரு காரணம் எழுதியதால் தீர்ப்பின் எல்லை எதுவரை என்று வழக்கறிஞர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாமவருக்குச் சீட்டே தேவைப்படவில்லை. ஜேசன் ரெனால்ட்ஸ் என்ற பையன் 17 வயதுவரை ஒரு முழுப் புத்தகத்தைக்கூட அட்டையிலிருந்து அட்டைவரை படித்ததில்லை. பள்ளியில் கொடுத்ததெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாததாகவே அவருக்குத் தோன்றியது. முதன்முதலாக முடித்தது 'பிளாக் பாய்'. 2017-இல் அவர் எழுதிய 'லாங் வே டவுன்' கவிதை வடிவிலான நாவல். அண்ணனைக் கொன்றவனைச் சுட இடுப்பில் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்குகிறான் தம்பி. ஒவ்வொரு தளத்திலும் செத்துப்போன ஒருவர் ஏறிக்கொள்கிறார். கதை முழுக்க லிஃப்ட் இறங்கும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2020-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ரெனால்ட்ஸை இளையோர் இலக்கியத்தின் தேசியத் தூதராக நியமித்தது.

புரூக்ளின் அட்டை

புத்தகத் தடை பழைய சங்கதி அல்ல. பல அமெரிக்க மாநிலங்களில் பள்ளி அலமாரிகள் காலியாகத் தொடங்கியபோது புரூக்ளின் பொது நூலகம் 2022-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, 13 முதல் 21 வயதுவரை உள்ளவர்களுக்கு மின்னூல் எடுக்க இலவச அட்டை. வெளியூர்க்காரர்களுக்கு வழக்கமாக வாங்கும் 50 டாலரை விட்டுக்கொடுத்தார்கள். ஓக்லஹோமாவில் ஓர் ஆங்கில ஆசிரியை தன் வகுப்புப் புத்தக அலமாரியைக் காகிதம் ஒட்டி மறைத்து, பக்கத்தில் இந்த அட்டைக்கான கியூஆர் குறியீட்டை மாட்டிவைத்தார். 2024-இல் மாநிலம் அவருடைய ஆசிரியர் உரிமத்தையே ரத்து செய்துவிட்டது. ஹின்டன் பிறந்த அதே ஓக்லஹோமாதான்.

சிகாகோவில் 2013-இல் மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபொலிஸ்' சித்திர நாவலைப் பள்ளிகளிலிருந்து எடுக்க உத்தரவு வந்தது. லேன் டெக் பள்ளி மாணவர்கள் தெருவில் நின்று போராடினார்கள். சில நாட்களில் அதிகாரிகள் இறங்கி வந்து, நூலகங்களில் அது இருக்கட்டும் என்றார்கள்.

14 வயது நூலகர்கள்

டீன் ஏஜ் வாசகர்களைப் பற்றியே பேசுகிறோம், டீன் ஏஜ் நூலகர்களும் இருந்திருக்கிறார்கள். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குழந்தைகளுக்கென்று இருந்த 31-ஆம் கொட்டடியில் ஏறக்குறைய ஒரு டஜன் புத்தகங்கள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. வந்துசேர்ந்த கைதிகளின் பெட்டிகளிலிருந்து தப்பியவை. எச். ஜி. வெல்ஸ் எழுதிய உலக வரலாற்றுச் சுருக்கமும் அவற்றில் ஒன்று. அவற்றைப் பாதுகாத்து, கேட்பவருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கிவைக்கும் பொறுப்பு டீட்டா என்ற 14 வயதுச் சிறுமிக்கு. புத்தகம் போதவில்லை என்பதால், தாங்கள் முன்பு படித்த கதையை நினைவிலிருந்து சொல்லும் பெரியவர்களும் அங்கே நூலகத்தின் பகுதியாக இருந்தார்கள். டீட்டா க்ராஸ் உயிர் பிழைத்தார். அவருடைய கதையைத்தான் ஸ்பானிய எழுத்தாளர் அந்தோனியோ இதூர்பே 2012-இல் நாவலாக்கினார்.

சிரியாவின் தராயா நகரம் முற்றுகையில் இருந்தபோது, குண்டு விழுந்த வீடுகளிலிருந்து இளைஞர்கள் புத்தகங்களை மீட்டுத் தரைக்குக் கீழே ஒரு நூலகம் அமைத்தார்கள். அதற்குத் தலைமை நூலகர் என்ற பட்டமும் ஒரு 14 வயதுப் பையனுக்குத்தான். ஒவ்வொரு புத்தகத்திலும் அதன் உரிமையாளர் பெயரை எழுதிவைத்தார்களாம், போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க. இடிபாட்டுக்கு நடுவிலும் இரவல் இரவல்தான்.

காமகுராவின் ஒரு ட்வீட்

ஜப்பானில் கோடை விடுமுறை முடிந்து பெரும்பாலான பள்ளிகள் செப்டம்பர் 1-ஐ ஒட்டித் திறக்கும். பள்ளிக்குத் திரும்பப் பயந்து பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்வது அந்த நாட்களில்தான் கூடுகிறது என்று அந்நாட்டு அரசின் புள்ளிவிவரமே காட்டியது. 2015 ஆகஸ்டு கடைசியில் காமகுரா நகர நூலகத்தின் ட்விட்டர் கணக்கில் நூலகர் ஒருவர் ஒரு சிறு செய்தி போட்டார். பள்ளிக்குப் போவதைவிடச் செத்துவிடலாம் என்று தோன்றினால் நூலகத்துக்கு வாருங்கள், காமிக்ஸ் இருக்கிறது, நாவல் இருக்கிறது, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது அதன் பொருள். பல்லாயிரம் பேர் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் 'ஏன் ஸ்கூலுக்குப் போகலையா?' என்று கேட்காமலிருப்பதும் ஒரு சேவை என்று அன்றைக்குப் பலருக்கும் உறைத்தது.

பெரியவர்களுக்கு அனுமதி இல்லை

ஸ்டாக்ஹோம் கலாசார மாளிகையில் 2011-இல் திறந்த 'தியோத்ரெட்டன்' நூலகத்துக்குள் 10 முதல் 13 வயதுவரை உள்ளவர்கள் மட்டும்தான் போகலாம். ஊழியர்களைத் தவிர வேறு பெரியவர்கள் நுழைய முடியாது. பெற்ற தாயாக இருந்தாலும் வாசலோடு சரி. உள்ளே சமையலறையும் உண்டு.

சிகாகோவின் மைய நூலகத்தில் 2009-இல் திறந்த 'யூமீடியா' பகுதியில் ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் அங்கே மைக் பிடித்துப் பழகிய ஒருவர் பிறகு கிராமி விருது வாங்கினார். சான்ஸ் தி ராப்பர்.

ஹெல்சிங்கியின் 'ஓடி' நூலகம், 2018: தையல் எந்திரமும் முப்பரிமாண அச்சு எந்திரமும் புத்தகத்தோடு ஒரே கூரையின் கீழ்.

லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி நூலகத்தில் 2017 முதல் 21 வயதுக்குட்பட்டவர்கள் அபராதத்தைப் பணமாகக் கட்ட வேண்டாம் என்றார்கள். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தால் 5 டாலர் கழிந்தது. நியூயார்க் பொது நூலகம் 2021-இல் தாமதக் கட்டணத்தையே ஒழித்துவிட்டது. அதற்குமுன் பாக்கி 15 டாலரைத் தொட்டால் அட்டை முடங்கிவிடும். எந்தத் தெருப் பிள்ளைகளின் அட்டைகள் அதிகம் முடங்கியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

எந்த அலமாரி?

மார்கஸ் சூசாக்கின் 'தி புக் தீஃப்' ஆஸ்திரேலியாவில் பெரியவர்கள் நாவலாக வந்தது, அமெரிக்காவில் அதையே டீன் ஏஜ் நாவலாக விற்றார்கள். கதை சொல்வது மரணம். எமனுக்கு வயது வரம்பு எதற்கு? பிரிட்டனில் மார்க் ஹேடனின் புகழ்பெற்ற 2003-ஆம் ஆண்டு நாவல், நாய்க் கொலையைத் துப்பறியும் பையனின் கதை, பெரியவர்களுக்கு ஓர் அட்டை, இளையவர்களுக்கு ஓர் அட்டை என்று ஒரே சமயத்தில் இரண்டு பதிப்பாக வந்தது.

2000 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' சிறுவர் நூல்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் ஆரம்பித்தது. ஹாரி பாட்டர் புத்தகங்கள் மேலிடத்தைவிட்டு இறங்க மறுத்து, பெரியவர்களின் நாவல்களுக்கு இடமில்லாமல் போனதுதான் காரணம்.

கிறிஸ்டஃபர் பாவ்லினி 15 வயதில் எழுதத் தொடங்கிய 'எரகான்' நாவலை 2002-இல் குடும்பமே பணம் போட்டு அச்சடித்தது. பாவ்லினி இடைக்கால ராஜா காலத்து உடை மாட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய் விற்றார். விடுமுறைக்கு மொன்டானா வந்த எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் வளர்ப்பு மகன் அதை வாங்கிப் படித்துவிட்டு அப்பாவிடம் சொல்ல, அப்பா தன் பதிப்பகத்திடம் சொல்ல, மறு ஆண்டே பெரிய பதிப்பு வந்தது.

நாவலில் ஒரு டெலிஃபோன் எண்

ராபர்ட் கோர்மியரின் 'ஐ ஆம் தி சீஸ்' 1977-இல் வந்தது. மனம் கலங்கிய பையன் ஒருவனின் கதை. அவனுடைய தோழி ஏமி ஹெர்ட்ஸின் டெலிஃபோன் எண் நாவலிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். படித்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சுழற்றிப் பார்த்தார்கள். மணி அடித்தது, எதிர்முனையில் ஆளும் எடுத்தார். அது மாசசூசெட்ஸின் லெமின்ஸ்டரில் இருந்த கோர்மியர் வீட்டு எண். ஏமி இருக்கிறாளா என்று கேட்டு ஆண்டுக்கணக்கில் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. முகம் சுளிக்காமல் பேசினார் மனிதர். முடிவு புரியாதவர்கள், பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டவர்கள், வெறுமனே இது நிஜ எண்ணா என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு வாசகர்கள்தான். இன்றைக்கு ஓர் எழுத்தாளர் தன் கைபேசி எண்ணை நாவலில் போட்டால் முதல் அழைப்பு கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டுத்தான் வரும்.